ஊன்றுகோல் முதலில், பார்வை பிறகு

திருவொற்றியூர் எல்லையைக் கடந்த கணமே சுந்தரமூர்த்தி சுவாமிகள் இரு கண்களின் ஒளியையும் இழந்தார் என்கிறது பெரியபுராணம். சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் செய்த சபதத்தை மறந்து, திருவாரூர் வசந்த விழாவைக் காணும் ஆவலில் புறப்பட்டதன் விளைவு அது. பார்வையற்ற நிலையில் வழி கேட்டு நடந்து வட திருமுல்லைவாயிலை அடைந்தார்; பதிகம் பாடினார். அங்கே கண் வரவில்லை. அடுத்துத் திருவெண்பாக்கம் சென்று பாடினார். அங்கே இறைவன் அளித்தது ஓர் ஊன்றுகோல் மட்டுமே. அக்கோலை ஊன்றித் திருவாலங்காடு வழியே காஞ்சிபுரம் சென்று திருவேகம்பத்தில் பாடியபோது இடக்கண் தெளிந்தது. வலக்கண்ணின் ஒளி மீண்டதோ, பல தலங்களைக் கடந்து திருவாரூரை அடைந்த பின்னரே.

தம்பிரான் தோழர் எனப் பெயர் பெற்றவருக்கே நலம் ஒரே நாளில் கிட்டவில்லை. முதலில் கோல், பிறகு ஒரு கண், அதன்பின் மறுகண் என்று படிப்படியாகவே கிட்டியது. தலையில் அடிபட்டு வீடு திரும்பி, வாரங்கள் பல கடந்தும் முன்போல் இயங்க இயலாமல் வருந்தும் முதியோருக்கு இந்த வரலாறு பெரிய ஆறுதல். அதைவிடப் பெரிய வழிகாட்டி.

சுந்தரர் கோல் பெற்ற திருவெண்பாக்கத்துப் பழைய ஆலயம், 1944-இல் அமைந்த பூண்டி நீர்த்தேக்கத்துக்காக இடம் பெயர்ந்தது. பூண்டியில் எழுப்பப்பட்ட கோயிலில் ஊன்றீஸ்வரர் இன்றும் அருள்பாலிக்கிறார். பூண்டியைக் கடந்து வரும் கொசஸ்தலை ஆறு, மணலிப் பகுதி வழியே ஓடி, காட்டுப்பள்ளிக்குத் தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. ஒரு காலத்தில் மீனவர் குடியிருப்புகளும் உப்பங்கழியுமாக இருந்த அந்தக் கரையில் இன்று காட்டுப்பள்ளித் துறைமுகமும், காமராசர் துறைமுகமும், அனல்மின் நிலையங்களும் உள்ளன. மீஞ்சூர், அத்திப்பட்டு, பொன்னேரிச் சாலைகளில் இரவு பகலாகச் சரக்குப் பெட்டக லாரிகள் வரிசையாகச் செல்கின்றன.

அதே சாலைகளில்தான் அடியார்களும் செல்கின்றனர். பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் கூடிவரும் நாளில் காலையில் மேலூர் திருவுடையம்மனையும், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மனையும், மாலையில் வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மனையும் தரிசிப்பது இப்பகுதியின் நெடுநாள் வழக்கம். பேருந்தில் சென்ற முதியோர் பலர் இப்போது மகனோ பேரனோ ஓட்டும் இருசக்கர வாகனத்தின் பின்னிருக்கையில் அமர்ந்து செல்கின்றனர். வேகத்தடையில் வண்டி சற்றே தூக்கிப் போட்டாலும் போதும், பிடி நழுவிவிடும். சாலைதான் என்றில்லை, எண்ணெய் படிந்த கருங்கல் படி, திருமஞ்சன நீர் தேங்கிய பிராகாரம், வீட்டுக் குளியலறை ஆகிய இடங்களிலும் முதியோர் விழுகின்றனர்.

படத்தில் தெரியாத காயம்

இத்தகைய இல்லங்களில் ஐந்தாறு வாரம் கழித்து நிகழும் உரையாடல் பெரும்பாலும் ஒன்று போலவே இருக்கும். "அத்தை, ஸ்கேனில் ஒன்றுமே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாரே! எழுந்து நாலு வீடு போய் வந்தால் சரியாகிவிடும்" என்பாள் மருமகள், உண்மையான அன்போடு. "மணிச் சத்தம் கேட்டால் மண்டைக்குள் இடிக்கிறதம்மா" என்பார் மாமியார். பொய் சொல்கிறாரோ, சோம்பலோ, வயதின் பிடிவாதமோ என்று மற்றவர்கள் ஐயுறுவர். சில நாளில் அவருக்கே அந்த ஐயம் வந்துவிடும்.

இருவர் சொல்வதும் மெய்யே. மூளை என்பது மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கும் மென்மையான உறுப்பு. அடியினாலோ குலுக்கலினாலோ அது அதிரும்போது எலும்பு முறியாமலும் இரத்தம் கசியாமலும் இருக்கலாம். ஆயினும் நரம்பணுக்களின் வேதிச் சமநிலை குலைகிறது. அதைச் சீர்செய்ய மூளைக்கு வழக்கத்தைவிட மிகுந்த ஆற்றல் தேவைப்படுகிறது. இதனையே மருத்துவர்கள் மூளை அதிர்ச்சி, அதாவது கன்கஷன் என்கின்றனர். சி.டி. ஸ்கேன் எடுப்பது கசிவும் முறிவும் உண்டா என்று அறிவதற்காக. அதில் ஒன்றுமில்லை என்றால் உடனடி ஆபத்து இல்லை என்று பொருள். துன்பமே இல்லை என்று பொருளன்று.

இளையோரில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இது தணிந்துவிடும். முதியோருக்குக் கூடுதல் காலம் ஆகலாம். சிலருக்கு மூன்று மாதம் கடந்தும் தொல்லைகள் நீடிப்பதுண்டு. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், களைப்பு, தூக்கக் குலைவு, ஒளியும் ஒலியும் பொறுக்காமை, மறதி, எரிச்சல் ஆகியவை அதன் அறிகுறிகள். கோயில் வழிபாட்டில் ஊறிய ஒருவருக்கு இவை வேறு வடிவில் தோன்றும். கர்ப்பூர ஆரத்தியின் சுடர் கண்ணைக் குத்தும். ஒலிபெருக்கிப் பாடல் தாங்காது. தோத்திரப் புத்தகத்தின் எழுத்துகள் ஓடும்.

இவை எல்லாவற்றிலும் கொடியது ஒன்றுண்டு. ஐம்பது ஆண்டாக நாள்தோறும் ஓதிவந்த பாடலின் நடுவே அடுத்த சொல் வராமல் நின்றுபோகும். 'நினைவு தப்பத் தொடங்கிவிட்டதோ' என்ற அச்சத்தில் அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் பலர். மறைக்க வேண்டியதில்லை. மூளை அதிர்ச்சிக்குப் பிறகு வரும் இந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் நாளடைவில் குறைவதே. குறையாமல் வளர்ந்தால் மருத்துவர் அறிந்தாக வேண்டும். இரு நிலையிலும் சொல்லிவிடுவதே நன்று.

ஓய்விலும் அளவு

முற்காலத்தில் அடிபட்டவரை இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பதுண்டு. அது மீட்சியைத் தாமதப்படுத்தும் என்பதே இன்றைய மருத்துவக் கருத்து. முதல் ஒன்றிரண்டு நாள் அமைதியான ஓய்வு. அதன்பின் மருத்துவர் அனுமதியுடன் மெல்ல மெல்ல நடமாட்டம். விளையாட்டு வீரர்களின் தலைக்காயம் பற்றி 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய பன்னாட்டு வல்லுநர் மாநாடும் இதையே வலியுறுத்தியது. அங்கே கூறப்பட்ட ஓர் எளிய அளவுகோல் முதியோருக்கும் விளங்கக்கூடியது. வலியைப் பூச்சியம் முதல் பத்து வரை எண்ணால் குறித்துக்கொள்ள வேண்டும். நடக்கத் தொடங்குமுன் மூன்றாக இருந்த வலி நடந்தபின் ஐந்துக்குள் நின்று, ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிட்டால் அச்சமில்லை. அதற்கு மேல் ஏறினாலோ, நெடுநேரம் நீடித்தாலோ, மறுநாள் அளவைக் குறைக்க வேண்டும்.

கோயிலுக்குத் திரும்புவதையும் இப்படியே படிகளாக வகுத்துக்கொள்ளலாம். முதலில் வீட்டு வாசலில் சில நிமிட நடை. பின் பூஜையறையில் விளக்கேற்றி ஐந்து நிமிடம் அமர்தல். அது பழகியபின், கூட்டமில்லாத நாளில், அருகிலுள்ள சிறு கோயிலில் துணையோடு சென்று பிராகாரத்தில் சற்று நேரம் உட்கார்ந்து வருதல். அதன்பின் ஒரு வலம். மேளமும் மணியும் முழங்கும் கால பூஜையும், திருவிழாக் கூட்டமும் கடைசிப் படிகள்.

இடையில் சில வழக்கங்களை ஒத்திவைப்பது கட்டாயம். பிள்ளையார் முன் நெற்றியில் குட்டிக்கொள்வதற்குப் பதிலாக விரலால் தொட்டுக்கொண்டால் போதும். தோப்புக்கரணமும், தரையில் விழுந்து வணங்குவதும், அங்கப்பிரதட்சணமும் கிறுகிறுப்பைத் தூண்டும். நின்று கைகூப்புவதே அவற்றுக்கு ஈடு. பால்குடம் முதலிய தலைச்சுமை கூடாது. நீரும் உணவும் குறைந்தால் தலைவலி மிகும் ஆதலால், அவ்வாண்டு ஏகாதசி, கிருத்திகை உபவாசங்களை விட்டுவிட வேண்டும். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் இதில் மேலும் கவனமாக இருக்க வேண்டும். சிவராத்திரிக் கண்விழிப்பும் அப்படியே. காயம்பட்ட மூளைக்கு உறக்கத்தைவிடச் சிறந்த மருந்து அரிது. நாள்தோறும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுவதும், பிற்பகலுக்குப் பின் காப்பியைத் தவிர்ப்பதும் உறக்கத்துக்குத் துணை செய்யும்.

கிறுகிறுப்பில் ஒருவகை தனித்துச் சொல்லத்தக்கது. படுக்கையில் புரளும்போதும், கோபுர தரிசனத்துக்காக அண்ணாந்து பார்க்கும்போதும் உலகமே சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். உட்செவியில் உள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் அடியினால் இடம் பெயர்வதால் வருவது இது. மாத்திரையால் இது நீங்குவது அரிது. காது மூக்கு தொண்டை மருத்துவரோ பயிற்சி பெற்ற பிசியோதெரபி நிபுணரோ தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பிப் படுக்க வைத்துத் துகள்களை உரிய இடத்துக்குக் கொண்டு செல்வர். பலருக்கு ஓரிரு அமர்வுகளிலேயே குணம் தெரியும். வயதானால் தலைசுற்றத்தான் செய்யும் என்று மாதக்கணக்கில் பொறுத்திருப்போர் இதை அறிந்தால் நலம்.

தலைவலி மாத்திரையிலும் கவனம் தேவை. மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ வலிமாத்திரை உட்கொண்டால், அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடுவதுண்டு. எத்தனை மாத்திரை உட்கொண்டார் என்பதை நாட்காட்டியில் குறித்து மருத்துவரிடம் காட்டுவது எளிய வழி.

நந்தியின் கொம்பு

பூண்டித் தலத்தில் ஒரு வரலாறு வழங்குகிறது. கண் கேட்டு நின்ற சுந்தரர், கோல் மட்டும் கிடைத்த ஆற்றாமையில் அதை வீசியெறிந்தாராம். அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்ததாம். ஒடிந்த கொம்புடன் நந்தி இன்றும் காட்சியளிக்கிறது. அடியாரின் அந்தச் சினத்தை ஆண்டவன் குற்றமாகக் கொள்ளவில்லை. பயணத்தின் முடிவில் இரு கண்களையும் அளிக்கவே செய்தார்.

தலைக்காயத்துக்குப் பின் சாந்தமானவரும் சிடுசிடுப்பார், காரணமின்றி அழுவார், பேரக்குழந்தையின் கூச்சலுக்கு வெகுண்டு, பின்னர் அதற்காக வருந்துவார். இது குணக்கேடன்று, காயத்தின் ஒரு பகுதி என்பதை வீட்டார் உணர்ந்தால் பாதிச் சுமை குறையும். தொலைக்காட்சி ஒலியைத் தாழ்த்துவது, ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுவது, மாத்திரை நேரத்தை எழுதி ஒட்டுவது, 'இன்னுமா வலிக்கிறது' என்று கேளாமல் 'இன்று எப்படி இருக்கிறது' என்று கேட்பது ஆகியவை பணச் செலவில்லாத சிகிச்சைகள். மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அதற்கும் மருந்துண்டு.

இன்னொரு துயரமும் முதியோர் மனத்தைக் குடையும். 'வேண்டுதலை முடிக்காததால் வந்ததோ, என்ன குறை வைத்தேனோ' என்ற நினைவு அது. சுந்தரர் சபதம் செய்து மீறியவர். அவரையும் இறைவன் வழியில் கைவிடவில்லை. எண்ணெய் படிந்த படியில் கால் வழுக்கியவர் எந்தச் சபதத்தையும் மீறவில்லை. விழுந்தது விபத்து, அது தண்டனையன்று.

உடனே செல்ல வேண்டிய நேரம்

பொறுமை வேண்டும் என்பது எல்லா அறிகுறிக்கும் பொருந்தாது. நாளுக்கு நாள் கடுமையாகும் தலைவலி, மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்ப முடியாத உறக்கம், ஒரு பக்கக் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், வலிப்பு, திடீரென ஆள் அடையாளம் தெரியாமை, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முதியோருக்கு இந்த ஆபத்து முதல் நாளோடு முடிவதில்லை. வயது கூடும்போது மூளை சற்றுச் சுருங்குவதால், மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையிலுள்ள சிறு இரத்தக் குழாய்கள் எளிதில் அறுபடும். அதிலிருந்து மெல்லக் கசியும் இரத்தம் வாரங்கள் கழித்தே தொல்லை தரும். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மருந்துகளை உட்கொள்வோருக்கு இந்த வாய்ப்பு அதிகம். அவர்கள் சிறு அடியாயினும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதற்காக அம்மருந்துகளைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. அடிபட்ட சில வாரங்களுக்குப் பிறகு நடையோ பேச்சோ மாறினால், முதல் ஸ்கேன் நன்றாக இருந்தது என்று அமைதி கொள்ளாமல் மறுபடி சோதிக்க வேண்டும்.

சாலை விபத்தில் அடிபட்டவருக்குச் செலவை எண்ணித் தயங்க வேண்டியதில்லை. முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கியது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளும் இதில் அடங்கும்.

மனத்தில் எழுந்த கோயில்

கோயிலுக்குச் செல்ல இயலாத மாதங்களில் என்ன செய்வது? இதற்கு விடை தந்தவரும் இம்மாவட்டத்துக்காரரே. திருநின்றவூர்ப் பூசலார் நாயனாருக்குக் கோயில் கட்டப் பொருள் கிட்டவில்லை. ஆகவே மனத்திலேயே கல்லும் மரமும் தேடி, அடித்தளமிட்டு, விமானம் எழுப்பி, கிணறும் குளமும் அமைத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தாம் கட்டிய கற்றளிக்குக் குடமுழுக்குச் செய்யவிருந்த காடவர் கோமானின் கனவில் இறைவன் தோன்றி, நின்றவூர் அன்பன் கட்டிய ஆலயத்தில் நாளை புகவிருப்பதால் வேறு நாள் வைத்துக்கொள்ளுமாறு பணித்தார் என்பது வரலாறு. மன்னனின் கற்கோயில் காத்திருந்தது; மனக்கோயிலே முதலில் குடமுழுக்குக் கண்டது.

படுக்கையில் இருப்பவர் கண்ணை மூடி, பழகிய ஒரு கோயிலின் வாசலிலிருந்து கருவறை வரை மெல்ல நடப்பதாக எண்ணிப் பார்க்கலாம். களைத்தால் பலிபீடத்தருகே நின்றுவிடலாம். மறுநாள் அங்கிருந்து தொடரலாம். நீண்ட பாராயணம் தடுமாறும்போது ஒரு திருநாமம் போதும். படிக்க இயலாதவருக்குப் பேத்தி ஒரு பாடலை மெல்லிய குரலில் வாசித்துக் காட்டலாம்.

சுந்தரர் முதலில் பாடிய வட திருமுல்லைவாயிலுக்கும் ஒரு செய்தியுண்டு. தொண்டைமான் மன்னனின் யானையின் கால்களை முல்லைக்கொடி பின்னிக்கொள்ள, அவன் கொடியை வாளால் வீச, உள்ளிருந்த சிவலிங்கத்தின் முடியில் வெட்டு விழுந்தது என்பது தலவரலாறு. மாசிலாமணீஸ்வரராகிய அப்பெருமானின் காயம் குளிர ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு சாத்தப்படுகிறது. சித்திரைச் சதயத்தன்று மட்டுமே அது களையப்பட்டு, புதிய காப்பு சாத்தப்படுகிறது. காயத்தை முன்னிட்டு அங்கே பூஜையின் முறை மாறியதே தவிர, பூஜை நிற்கவில்லை; அதனால் தலத்தின் பெருமையும் குறையவில்லை. தலையில் காயமுற்ற அடியார் சில மாதங்கள் தம் வழிபாட்டு முறையை மாற்றிக்கொள்வதில் என்ன குறை?

கடைசியாக, கோல். கைத்தடி ஊன்றினால் முதுமை வெளிப்பட்டுவிடும் என்று கூசுவோர் பலர். குணமாகிவரும் மூளைக்கு இரண்டாம் முறை அடி படுவது முதல் அடியைவிடத் தீங்கானது. கிறுகிறுப்பு அடங்கும்வரை தடியும், குளியலறையில் கைப்பிடியும், இரவில் சிறு விளக்கும் வேண்டும். வண்டி ஓட்டுவது மருத்துவர் சொன்ன பிறகே. பின்னிருக்கையில் அமர்பவருக்கும் தலைக்கவசம் சட்டப்படியே கட்டாயம். திருக்கோயில்களில் எண்ணெய்ப் படிகளைத் துடைப்பதையும், நீர் தேங்கும் இடத்தில் மிதியடி விரிப்பதையும் ஒரு திருப்பணியாக அன்பர்கள் மேற்கொள்ளலாம்.

அடுத்து வரும் பௌர்ணமி வெள்ளியன்று மூன்று அம்மனையும் ஒரே நாளில் தரிசிக்க உடல் இடம் தராவிட்டால், அருகிலுள்ள ஓர் அம்மனை மட்டும், கூட்டம் வருமுன் விடியலில், துணையோடு தரிசித்து வரலாம். மற்ற இருவரையும் வீட்டிலிருந்தே நினைக்கலாம். பூண்டிச் சன்னதியில் சுந்தரர் கோலூன்றியே நிற்கிறார்.